கடிதம் இல்லாமல் நடக்கும் ஆட்குறைப்பு: மலையகப் பாடசாலைகளும் கல்விக்கான நிதியும்

கொட்டகலை ஆசிரியர்களை உருவாக்கும் ஊர். சேவையில் சேர்ந்துவிட்ட, ஆனால் பயிற்சி பெறாத ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் அரசினர் ஆசிரியர் கலாசாலை இங்கே இருக்கிறது. தலவாக்கலைப் பக்கம் சிறிது தூரம் போனால் பத்தனை. அங்கே ஜெர்மனியின் ஜி.ரி.இசட். நிறுவன உதவியோடு 1990களின் தொடக்கத்தில் உருவான ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. நாட்டிலுள்ள 19 கல்வியியற் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. உயர்தரம் முடித்த பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்து, ஓராண்டு பாடசாலையில் பயிற்சி பெற்று ஆசிரியராக வெளியேறுகிறார்கள். இப்படி இரண்டு நிறுவனங்களை வைத்திருக்கும் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில்தான், கணிதத்துக்கு ஆள் இல்லை, விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை, ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை என்ற முறையீடு தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உலகின் பல நாடுகளில் ஆசிரியர் சங்கங்கள் ஆட்குறைப்பை எதிர்த்துப் போராடுகின்றன. அங்கே வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை வந்தால் ஆசிரியருக்குப் பணிநீக்கக் கடிதம் வருகிறது. கடிதம் வந்தால் பெயர் தெரியும், எண்ணிக்கை தெரியும், எதிர்த்து நிற்க ஒரு நாளும் இடமும் கிடைக்கும். இலங்கையில் நிரந்தர நியமனம் பெற்ற அரச ஆசிரியருக்கு அப்படிக் கடிதம் வருவது அரிது. அதனால் இங்கே ஆட்குறைப்பு நடக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஓய்வுபெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் கிடப்பது, பதிலாள் வராமலே இடமாற்றம் நடப்பது, ஆசிரியர் வேலையைக் குறைந்த பெயரிலும் குறைந்த ஊதியத்திலும் செய்விப்பது, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பாடசாலையை மூடுவது ஆகிய நான்கு வழிகளிலும் மலையகத்தில் நடப்பது ஆட்குறைப்புத்தான். அதைக் கண்ணுக்குத் தெரியும்படி எண்ணிக் காட்டுவதே கல்வி நிதிக்கான போராட்டத்தின் முதல் வேலை என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

யார் பொறுப்பு என்ற பழைய கேள்வி

தோட்டத்துப் பிள்ளையின் ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அந்தப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தன. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு ஏற்பாடு செய்வது தோட்டத் துரையின் கடமை. அரசு மானியம் தந்தது. ஆனால் பள்ளிக்கூடம் நன்றாக நடந்தால் நாளைக்குக் கொழுந்து பறிக்க ஆள் குறையும் என்று அஞ்சியவர்களின் கையில்தான் பள்ளிக்கூடம் இருந்தது. பல இடங்களில் ஒரே கூடம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். அந்த ஆசிரியர் தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் இருந்தவர். துரையின் தயவில் வேலை பார்த்தவர்.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. நாடு பெருமையோடு நினைவுகூரும் அந்தச் சீர்திருத்தம் தோட்டத்து லயங்களைத் தொடாமல் கடந்து போனது. 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தோட்டங்களில் அரசே பாடசாலை நடத்த வழி வகுத்தும், அப்படி எழுந்தவை மிகச் சில. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இந்தத் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் மட்டும் ஒதுக்கி விடப்பட்டன. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. கப்பலேறப் போகிறவர்களுக்கு எதற்குப் பாடசாலை என்ற எண்ணம் அதிகாரிகளின் மேசையில் வேரூன்றியது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான் நிலைமை மாறியது. 1977இல் தொடங்கி, தோட்டப் பாடசாலைகள் கட்டம் கட்டமாக அரச முறைமைக்குள் சேர்க்கப்பட்டன. இலவசக் கல்விக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இடையே 32 ஆண்டு இடைவெளி. நாட்டின் மற்றப் பகுதிகளில் அந்த 32 ஆண்டுகளில் கிராமப் பாடசாலை மத்திய மகா வித்தியாலயமாக வளர்ந்தது. அங்கே படித்தவர்கள் ஆசிரியர்களாகத் திரும்பி வந்து அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்கள். மலையகத்தில் அந்தச் சுழற்சி தொடங்கவே இல்லை. அதையும் மீறிப் படித்து மேலே வந்தவர்கள் தனிமனித முயற்சியால் வந்தவர்கள். ஆசிரியராகத் தொடங்கித் தொழிற்சங்கத்துக்குள் வந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளையும், ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி அதிபராக இருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர்களை உருவாக்கிய இர. சிவலிங்கமும் அவ்வகையினர். தோட்டக் கல்வியின் அரசியல் பொருளாதாரத்தை விரிவாக ஆராய்ந்த ஆஞ்சலா லிற்றிலின் 1999ஆம் ஆண்டு நூல், இந்தப் பின்தங்கலைத் தோட்ட உற்பத்தி முறை, குடியுரிமை அரசியல், அரசின் கொள்கை ஆகியவற்றோடு இணைத்தே பார்க்கிறது. குறை பிள்ளைகளிடம் இல்லை. நிதியும் ஆளும் எங்கே போகவேண்டும் என்று தீர்மானித்தவர்களிடம் இருந்தது.

தொகுதி தொகுதியாக வந்த நியமனங்கள்

அரசு பொறுப்பேற்றதும் ஆசிரியர் தேவை ஒரே நாளில் எழுந்தது. அதை நிரப்ப ஆண்டுதோறும் ஆட்சேர்ப்புச் செய்யும் ஒழுங்கு உருவாகவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரவைக்குள் சென்றபின், அரசியல் பேரத்தின் பலனாக நூற்றுக்கணக்கில் மலையக இளைஞர்கள் ஆசிரியர்களாயினர். பின்னரும் இதே வழி தொடர்ந்தது. தேர்தல் நெருங்கும், பேச்சுவார்த்தை நடக்கும், ஒரு தொகுதி நியமனம் வரும், விழா மேடையில் அமைச்சர் கையால் கடிதம் வழங்கப்படும். அந்த நியமனங்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களை லயத்துக்கு வெளியே கொண்டுவந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் உரிமையாக வரவேண்டியது கொடையாக வந்ததால் இரண்டு கேடுகள் விளைந்தன. ஒன்று, அடுத்த தொகுதி எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மற்றது, ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவே ஓய்வுக்கு வருகிறார்கள். 1980களில் சேர்ந்த இளைஞர்கள் 2020களில் அறுபதை எட்டுகிறார்கள்.

இந்த முறையின் கசப்பான வடிவம் ஆசிரிய உதவியாளர் திட்டம். 2014, 2015 ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென 3,000க்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்க அரசு முடிவெடுத்தது. அவர்கள் உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்துப் பிள்ளைகள். வகுப்பறையில் செய்தது முழு ஆசிரியரின் வேலை. கிடைத்தது மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு. அதே காலத்தில், 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் கொடுப்பனவுகள் உட்பட 620 ரூபாய். கணக்குப் போட்டால், பிள்ளையின் ஒரு மாதக் கொடுப்பனவு தாயின் பத்து நாள் சம்பளத்துக்கும் குறைவு. அந்தப் பணத்தில் தூரத்துப் பாடசாலைக்குப் பஸ்ஸில் போய்வர வேண்டும், சேலை வாங்க வேண்டும், வாடகை அறை எடுத்தால் அதற்கும் கொடுக்க வேண்டும். பெற்றோர் கொழுந்து பறித்த காசில் அரசின் வகுப்பறை நடந்தது. போராட்டங்களுக்குப் பிறகு கொடுப்பனவு 10,000 ரூபாயானது. கொட்டகலை உள்ளிட்ட கலாசாலைகளில் பயிற்சி முடித்த பிறகே அவர்கள் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டனர். ஓர் ஆசிரியரின் சம்பளத்தைச் சேமிக்க அரசு கண்ட வழி, அவருக்கு வேறு பெயர் வைப்பது.

இன்று அதே கதை வேறொரு பெயரில் நாடெங்கும் நடக்கிறது. அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகச் சேர்க்கப்பட்ட பட்டதாரிகள் பாடசாலைகளில் பல ஆண்டுகளாகக் கற்பிக்கிறார்கள். ஆசிரியர் சேவைக்குள் தங்களை உள்வாங்குமாறு கேட்டு வீதியில் இறங்குகிறார்கள்.

சராசரி மறைக்கும் வகுப்பறை

இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள், 40 இலட்சத்தை ஒட்டிய மாணவர்கள், 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள். வகுத்துப் பார்த்தால் 17 மாணவருக்கு ஓர் ஆசிரியர். வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டாலும் இது மோசமில்லை. இந்த எண்ணைக் காட்டித்தான், நாட்டில் ஆசிரியர் பற்றாக்குறை இல்லை, பகிர்வில்தான் கோளாறு என்று நிதி அதிகாரிகளும் கொடையாளர்களின் ஆலோசகர்களும் சொல்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தோட்டத்தின் மேல் பிரிவில் முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை உள்ள மூன்றாம் வகைப் பாடசாலை ஒன்று. 60 பிள்ளைகள். அதிபரோடு சேர்த்து மூன்று ஆசிரியர்கள். விகிதம் 20க்கு 1. கடதாசியில் குறையே இல்லை. கூடத்துக்குள் போனால் ஐந்து தரங்களும் மூன்று பேருக்கு இடையே பங்குபோடப்பட்டிருக்கும். ஒன்றாம் தரத்துப் பிள்ளைகள் எழுத்துப் பழகும்போது அதே ஆசிரியர் திரும்பி நின்று இரண்டாம் தரத்துக்குக் கழித்தல் சொல்லிக்கொடுப்பார். இடையில் ஓர் அரைச் சுவர் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அதிபர் வலயக் கல்விப் பணிமனைக் கூட்டத்துக்குப் போகும் நாளில் மூவர் இருவராவர். ஓர் ஆசிரியை பிரசவ விடுமுறையில் சென்றால் மாதக்கணக்கில் ஒருவர் குறைவு. தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம், சமயம் எல்லாவற்றையும் இந்தச் சிலரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் இந்தப் பிள்ளை, பாடத்துக்கு ஓர் ஆசிரியரும் மாலையில் ரியூஷனும் உள்ள நகரத்துப் பிள்ளையோடு ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகிறது.

இடைநிலையில் இது இன்னும் கூர்மையாகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்க விரும்புவோர் எட்டுப் பேராக இருந்தாலும் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் முழுதாக வேண்டும். அரை ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. அந்த ஒருவர் இல்லாவிட்டால் எட்டுப் பேரும் கலைப் பிரிவுக்குப் போவார்கள், அல்லது ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இடம் தேடுவார்கள், அல்லது கொழும்பில் கடை வேலைக்குப் போவார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, மலையகத்தில் விஞ்ஞானப் பட்டதாரிகள் போதவில்லை, அதனால் விஞ்ஞான ஆசிரியர்கள் கிடைக்கவில்லை என்று அறிக்கை வரும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பினார்கள். தங்குவதற்கு வசதியான குவாட்டர்ஸ் இல்லாமல், குளிரிலும் தனிமையிலும் சேவைக் காலத்தைக் கழித்து ஊருக்கு இடமாற்றம் கேட்பது அவர்களுடைய நியாயம். பதிலாள் வராமல் அவர்களை விடுவிப்பது நிர்வாகத்தின் குறை.

இரண்டு சதவீதம்

இத்தனைக்கும் அடியில் இருப்பது பணம். 2015ஆம் ஆண்டு இஞ்சியோன் பிரகடனம், கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம் செலவிட வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இலங்கையின் அரச கல்விச் செலவு நீண்ட காலமாக 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. தெற்காசியாவிலேயே தாழ்ந்த நிலைகளில் இதுவும் ஒன்று. எழுத்தறிவில் இப்பிராந்தியத்துக்கே முன்மாதிரி என்று சொல்லப்படும் நாடு, முன்னோர் போட்ட முதலின் வட்டியில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

இந்த எண்ணைப் பொதுமக்களின் வாயில் கொண்டுவந்தவை தொழிற்சங்கங்கள். 2012 ஜூலையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் வேலைநிறுத்தத்தில் இறங்கி, கல்விக்கு 6 சதவீதம் ஒதுக்கு என்ற முழக்கத்தை முன்வைத்தது. போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. 6 சதவீதம் கிடைக்கவில்லை. ஆனாலும் அதன்பின் எந்த அரசாங்கமும் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லாமல் கல்வியைப் பற்றிப் பேச முடியவில்லை.

பாடசாலை ஆசிரியர்களின் போராட்டம் 2021இல் உச்சத்துக்கு வந்தது. அதிபர், ஆசிரியர் சம்பள முரண்பாடு 1990களிலிருந்து தீராமல் இழுபட்டுவந்தது. அந்த முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு அதற்குத் தீர்வை முன்மொழிந்திருந்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகினர். அதற்குச் சில நாட்கள் முன்பு, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் கைதாகி, தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார். 100 நாட்களைத் தாண்டிய போராட்டத்தின் முடிவில், கோரியதில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரி முதல் கிடைத்தது. மீதி மூன்றில் இரண்டைக் கேட்டு 2024 ஜூனில் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடந்தது. கொழும்பில் ஆசிரியர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது.

இடையில் 2022இன் பொருளாதாரச் சரிவு எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 ஜூனில் வந்த ஒரு சுற்றறிக்கை, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதித்தது. பல ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டு இறுதியோடு அரச ஊழியரின் கட்டாய ஓய்வு வயது மீண்டும் 60 ஆனது. புதிய ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறத்தாழ 300 கோடி டொலர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2025க்குள் முதன்மை மிகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. வட்டியைத் தவிர்த்த செலவைவிட வருமானம் அந்தளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். மிகை காட்டவேண்டிய திறைசேரி, ஓய்வுபெற்ற ஆசிரியரின் வெற்றிடத்தை நிரப்ப அவசரப்படாது. இப்படித்தான் ஒருவருக்கும் கடிதம் கொடுக்காமல் ஆளணி சுருங்குகிறது.

வெளிநாட்டு உதவி இந்த இடைவெளியை நிரப்பும் என்று நம்புகிறவர்கள் உண்டு. 1980களின் நடுவிலிருந்து சுவீடனின் சீடா நிறுவனம் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு உதவியது. ஜெர்மனி ஸ்ரீபாதவுக்கு உதவியது. 2023 ஜூலையில் இந்தியா மலையக மக்களுக்கென 75 கோடி இந்திய ரூபாய் பெறுமதியான திட்டங்களை அறிவித்தது. இவை எல்லாம் பயன் தந்தவை. ஆனால் கொடையாளர் கட்டடம் தருவார், கணினி தருவார், பயிற்சி தருவார். ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி கொடுக்கவேண்டிய சம்பளத்தைத் தரமாட்டார். அதைத் தரவேண்டியது அரசின் மீண்டெழும் செலவு. மலையகத்தில் புதிய மாடிக் கட்டடத்துக்குள் வெறும் நாற்காலியாக நிற்கும் கணித ஆசிரியரின் இடம் இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

நிதி குறைந்தால் சுமை பெற்றோரிடம் இறங்குகிறது. வசதிக் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கட்டணம், போட்டோப் பிரதிக்குக் காசு, தொண்டர் ஆசிரியருக்கு மாதாமாதம் வீட்டுக்கு வீடு சேர்க்கும் பணம். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வறுமை நாட்டளவில் 14.3 சதவீதம், தோட்டத் துறையில் 33.8 சதவீதம். கொடுக்க இயலாதவர்களிடம்தான் அதிகம் கேட்கப்படுகிறது.

சிறிய பாடசாலைகளின் மேல் தொங்கும் கேள்வி

2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் கல்விச் சீர்திருத்த விவாதத்தின்போது ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சில எண்களை முன்வைத்தார். 50க்குக் குறைந்த மாணவர்கள் உள்ள பாடசாலைகள் ஏறத்தாழ 1,500. நாட்டின் பாடசாலைகளில் இது 15 சதவீதம் அளவு. இவற்றில் சிலவற்றை மூடவோ இணைக்கவோ வேண்டியிருக்கும் என்பது அரசின் நிலைப்பாடு.

அரசின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2019இல் நாட்டில் 3 இலட்சத்து 19 ஆயிரம் அளவில் இருந்த பிறப்புகள் 2024இல் 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டன. தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் நகரங்களுக்குப் போகின்றன. பத்துப் பிள்ளைகளோடு, விளையாடத் துணையின்றி, நூலகமின்றி ஒரு பாடசாலையை நடத்துவது அந்தப் பத்துப் பேருக்கும் நன்மையல்ல. இணைப்பதனால் பிள்ளைக்குப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பாரானால் அதை எதிர்க்கக் காரணமில்லை.

கேள்வி, மூடும் தீர்மானத்தை எந்த அளவுகோல் எடுக்கிறது என்பது. பிள்ளைகளின் தலையை மட்டும் எண்ணினால் மலைநாடு தோற்கும். வரைபடத்தில் இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் தெரியும் அடுத்த பாடசாலை, தேயிலை மலையின் மறுபக்கத்தில் இருக்கும். நடுவே ஆறு ஓடும், அல்லது குறுக்குப் பாதை மழையில் சரிந்துகிடக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் ஏற்படுத்திய மண்சரிவுகள் மலைப் பாதைகளை எப்படி அறுத்தெறிந்தன என்று நாடு பார்த்தது. காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகவேண்டிய தாய், ஆறு வயதுப் பிள்ளையைத் தூரத்துப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட முடியாது. பிந்தினால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கவும் வழியில்லை. முதலில் பிள்ளை வாரத்தில் ஒரு நாள் நிற்கும், பிறகு இரண்டு நாள் நிற்கும், பிறகு இடைவிலகியோர் பட்டியலில் சேரும். மாகாணத் திறைசேரிக்கு மிஞ்சிய பணத்தை அந்தக் குடும்பம் செலுத்தியிருக்கும்.

உலக அனுபவமும் எச்சரிக்கிறது. 2013இல் அமெரிக்காவின் சிகாகோ நகரம், மாணவர் குறைவையும் நிதிப் பற்றாக்குறையையும் காட்டி ஏறத்தாழ 50 பாடசாலைகளை ஒரே அடியாக மூடியது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் அது நடந்தது. ஆசிரியர் சங்கம் எதிர்த்தும் பயன் இல்லை. 2018இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, இடம்பெயர்க்கப்பட்ட பிள்ளைகளின் கற்றலில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை, பின்னடைவே வந்தது என்று காட்டியது. தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சி வேறு திசையில் போனது. ஒரு மைல் தூரத்துக்குள் தொடக்கப்பள்ளி என்ற கொள்கையோடு பள்ளியைப் பிள்ளையிடம் கொண்டுபோனது. நிதி அப்போதும் தாராளமாக இருக்கவில்லை. எதை முதலில் செலவிடுவது என்ற தீர்மானம் இருந்தது.

சங்கங்கள் செய்யவேண்டியது

ஆசிரியர் சங்கங்களின் அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1980 ஜூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு நடந்த பொது வேலைநிறுத்தத்தின் பின், ஜே. ஆர். ஜயவர்தன அரசு ஏறத்தாழ 40,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. இலங்கைத் தொழிற்சங்க இயக்கம் அந்த அடியிலிருந்து எழப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் நீக்கியது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின் பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டாலும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்றும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தர நியமனம் என்பது எவ்வளவு உறுதியானது என்ற கேள்வி இந்த நினைவுகளிலிருந்து எழுகிறது.

ஆயினும் மலையகப் பெற்றோரின் பக்கம் நின்று சங்கங்களிடமும் ஒன்றைச் சொல்லவேண்டும். 2021இல் நிகழ்நிலைக் கற்பித்தல் நின்றபோது, நகரத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு இருந்தது. லயத்தில் ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீட்டில் எதுவும் இருக்கவில்லை. போராட்டத்தின் நியாயம் அந்த வீட்டுக்கு விளக்கிச் சொல்லப்படவும் இல்லை. சம்பள முரண்பாடு தேசியக் கோரிக்கையாகும் வேகத்தில், கஷ்டப் பிரதேசப் பாடசாலையின் வெற்றிடம் தேசியக் கோரிக்கையாகவில்லை. இடமாற்ற உரிமைக்காக வாதாடும் குரல், பதிலாள் வந்தபின்தான் விடுவிப்பு என்பதற்காகவும் அதே உரத்தில் ஒலிக்க வேண்டும். ஆசிரியர் சங்கமும் தோட்டத் தொழிற்சங்கமும் ஒரே கோரிக்கையோடு ஒரே மேசையில் அமரும் நாள் வந்தால், அந்தக் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது எந்த அரசுக்கும் எளிதாக இருக்காது. ஆசிரியரின் சம்பளமும் தொழிலாளியின் பிள்ளையுடைய பாடமும் ஒரே ஒதுக்கீட்டிலிருந்துதான் வருகின்றன.

அந்தக் கோரிக்கை என்னவாக இருக்கலாம்? முதலாவது, ஆளணியைப் பிள்ளைகளின் தலைக்கணக்கால் மட்டும் கணிப்பதை நிறுத்த வேண்டும். ஐந்து தரங்கள் உள்ள பாடசாலைக்கு மாணவர் எத்தனை பேரானாலும் ஐந்து ஆசிரியரும் அதிபரும் என்ற அடித்தளம் வேண்டும். உயர்தரப் பாடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். தேவையின் அடிப்படையில் பகிர்வது இலங்கைக்குப் புதிய யோசனை அல்ல. 2000ஆம் ஆண்டை ஒட்டி, கற்றல் சாதனங்கள் வாங்கும் தர உள்ளீட்டு நிதிக்கு நெறி அடிப்படையிலான பகிர்வுமுறை ஒன்று கொண்டுவரப்பட்டது. சம்பளம் என்ற பெரிய பகுதிக்கு அந்தக் கொள்கை நீளவில்லை என்பதே குறை.

இரண்டாவது, ஒவ்வொரு பாடசாலையிலும் எந்தப் பாடத்துக்கு எத்தனை வெற்றிடம், யார் எப்போது ஓய்வுபெறுகிறார் என்ற பட்டியலை வலயம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மத்திய மாகாண சபை 2018இல் பதவிக்காலம் முடிந்தபின் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் ஆளுநரின் கீழ் இயங்குகிறது. மாகாணப் பாடசாலைகளின் குறையைச் சபையில் எழுந்து கேட்க ஆள் இல்லாத காலத்தில், வெளிப்படையான பட்டியலே பெற்றோரின் கையில் உள்ள கருவி. மூன்றாவது, ஸ்ரீபாதவிலும் கொட்டகலைக் கலாசாலையிலும் சேர்க்கப்படுவோரின் எண்ணிக்கையும் பாடங்களும் மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணத் தமிழ்ப் பாடசாலைகளின் அந்தப் பட்டியலோடு பொருந்த வேண்டும். தோட்டப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்ற நோக்கத்தோடு தொடங்கிய ஸ்ரீபாதவில் அந்தப் பங்கு சுருங்கிவிட்டது என்ற நீண்டகால முறையீட்டுக்கு எண்களோடு பதில் தரவேண்டும்.

நான்காவது, உதவியாளர், உத்தியோகத்தர் என்ற பெயர்களில் ஆசிரியர் வேலையை மலிவாக வாங்கும் வழக்கம் முடிவுக்கு வரவேண்டும். வகுப்பறையில் கற்பிப்பவருக்கு ஆசிரியரின் நியமனமும் ஊதியமும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஐந்தாவது, எந்தப் பாடசாலையையும் மூடுமுன் பிள்ளை நடக்கும் உண்மையான பாதை அளக்கப்பட வேண்டும். வாகன ஏற்பாடு எழுத்தில் வேண்டும். பெற்றோரின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். சேமித்த பணம் அதே வலயத்துக்குத் திரும்பி வரவேண்டும்.

இவற்றுக்குச் செலவாகும். 2 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு ஓராண்டில் தாவ முடியாது என்பது உண்மை. ஆண்டுக்கு இவ்வளவு என்று படிப்படியாக ஏறும் அட்டவணையைச் சட்டமாக்க முடியும். அந்த ஏற்றத்தின் முதல் பங்கு, கல்வி 32 ஆண்டுகள் தாமதமாக வந்துசேர்ந்த பாடசாலைகளுக்குப் போகவேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. அது நிலுவையிலுள்ள கடன். கடனை அடைக்கும் வரிசையில் வெளிநாட்டுப் பிணைமுறியாளருக்கு முதலிடம் தரும் நாடு, இருநூறு ஆண்டுகளாகத் தேயிலையாலும் கோப்பியாலும் தன் கஜானாவை நிரப்பிய மக்களின் பிள்ளைகளுக்கு ஐந்து தரத்துக்கு ஐந்து ஆசிரியர் தர முடியாது என்று சொல்லக் கூடாது.